குழாய்ப் பூட்டின் சாவி என்னிடம்தான் இருக்கிறது

1

என் இடுப்புச் சாவிக்கொத்தில் ஐந்து சாவிகள் இருக்கின்றன. இந்த ஊரில் அவற்றில் ஒன்றுக்கும் வேலை இல்லை. இங்கே வீட்டுக் கதவு நம்பரை அமுக்கினால் திறக்கிறது. பீரோவுக்குப் பூட்டே கிடையாது. என் மகன் பாலு மூன்று வருடமாக இதைச் சொல்லித்தான் என்னைக் கிண்டல் செய்கிறான்.

"யம்மா, அத்த கய்ட்டி டிராயர்ல போடு. கோயில் மாடு மாரி சலங்கு சலங்குன்னு சுத்திகினு கீற."

"மாடுன்னா மாடு. இந்த மாட்டாண்ட பாலு குட்ச்சித்தான் நீ வளந்த" என்பேன். அவன் மனைவி சிரிப்பாள். பேத்திக்கு மாடு புரியும், பால் புரியும், இரண்டையும் சேர்த்து ஏன் சிரிக்கிறோம் என்பது புரியாது. அவளுக்குத் தமிழ் காதுவரைதான். வாயில் வருவதில்லை.

மெல்பர்ன் நகரத்தின் ஓரத்தில் இருக்கிற இந்த வீட்டுக்கு நான் வந்து இந்த மாதத்தோடு மூன்று வருடம் ஆகிறது. மாத்தூர், மணலி, காலடிப்பேட்டைப் பக்கத்து ஜனங்களுக்கு என்னைத் தெரியும். இட்லிக்கார சரசா. பிறந்தது காலடிப்பேட்டை, வாழ்க்கைப்பட்டது மாத்தூர். எனக்கு எழுத்துத் தெரியாது, கைநாட்டுதான். ஊருக்கு அச்சடித்து அனுப்ப, நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் பக்கத்து வீட்டு மலர். யாழ்ப்பாணத்துக்காரி, பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. நான் 'கீது' என்றால் அவள் 'இருக்கிறது' என்று எழுதிவிடுகிறாள். கேட்டால், "அச்சில வாறதெண்டால் இப்பிடித்தான் அம்மா எழுதவேணும்" என்கிறாள். சரி, என் பேச்சை நீ திருத்திக்கொள், ஆனால் ஊர்க்காரர்கள் பேசினதை அவர்கள் வாயில் வந்த மாதிரியே போடு என்று சண்டை போட்டு ஒப்பந்தம் செய்திருக்கிறோம்.

பொய் சொல்லக் கூடாது, எனக்கு இந்த ஊர் ரொம்பப் பிடிக்கும். நான் கம்பைத் தட்டிக்கொண்டு ஏறும்வரை பஸ் டிரைவர் காத்திருக்கிறார், ஏறினதும் நல்லா இருக்கிறீர்களா என்று கேட்கிறார். மாத்தூரில் கேட்டிருந்தால் ஆள் குடித்திருக்கிறான் என்று இறங்கியிருப்பேன். குப்பைத் தொட்டிக்கு மூன்று நிறத்தில் மூடி. எந்த மூடி எதற்கு என்று எழுதப் படிக்கத் தெரிந்த பாலுவே தடுமாறுகிறான். நான் தடுமாறுவதில்லை. குப்பை விஷயத்தில் நான் அனுபவசாலி. முப்பது வருடம் குப்பைமேட்டுக்கு முன்னால் கடை போட்டவள்.

2

எங்கள் தெருக்கோடியில் ஒரு பூங்கா இருக்கிறது. மலரும் நானும் தினமும் அங்கே நடக்கப் போவோம். புல் அப்படி ஒரு பச்சை. நடுவில் கொஞ்சம் மேடாக இருக்கும். வந்த புதிதிலேயே அந்த மேட்டைப் பார்த்து, "இது சொம்மா மேடு இல்ல மலரு, உள்ள குப்பை கீது" என்றேன். மலர் நம்பவில்லை. இயற்கையான மேட்டுக்கு ஒரு பக்கம் சரிவு, ஒரு பக்கம் குழி என்று இருக்கும். லாரி கொட்டின மேடு கவிழ்த்த சட்டி மாதிரி இருக்கும். பிறகு அவளே பலகையைப் படித்துவிட்டு வந்து, "அம்மா, நீங்கள் சொன்னது சரி. இது பழைய குப்பைக் கிடங்காம். மூடி இருபது வருசத்துக்கு மேலயாம்" என்றாள்.

மூடி இருபது வருடம் ஆகியும் மாதம் ஒருமுறை ஒருவர் வருவார். நரைத்த தாடி, மஞ்சள் சட்டை. புல்லுக்குள் ஆங்காங்கே பூமியிலிருந்து ஒரு முழம் நீட்டிக்கொண்டு, மூடியும் பூட்டுமாகக் குழாய்கள் இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே டியூப் விட்டு, ஒரு சின்ன மெஷினால் தண்ணீரை இழுப்பார். நான் அவருக்குப் பைப்பு நைனா என்று பெயர் வைத்தேன். பிளாஸ்கில் இஞ்சி டீ கொண்டுபோய்க் கொடுப்பேன், குடிப்பார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், ஏனென்றால் அது என் வேலை. நானும் அதே வேலைதான் செய்தேன். மலரிடம் சொல்லி அவரிடம் சொல்லச் சொன்னேன். "நானும் எங்க ஊர்ல பைப்புக்காரிதான்னு சொல்லு."

அவர் தொப்பியைக் கழற்றிக் கும்பிடுகிற மாதிரி தலையை ஆட்டினார். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

3

எங்கள் குப்பைமேடு எப்படிப்பட்டது என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டுக் குப்பையோடு, மணலிப் பக்கத்துக் கம்பெனிகளிலிருந்து டிரம் டிரம்மாக எதெதுவோ வந்து விழும். கோடையில் தானாகப் புகையும். மழையில் அதிலிருந்து கறுப்பாக ஒழுகி வந்து எங்கள் தெருவில் நிற்கும். பிறகு ஒரு நாள் மூடப்போகிறோம் என்றார்கள். கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டை விரித்தார்கள், செம்மண் கொட்டினார்கள், புல் வைத்தார்கள். மேட்டைச் சுற்றிக் குழாய்கள் இறக்கினார்கள். எங்கள் பக்கத்துக் குழாய் சரியாக என் கடைக்குப் பின்னால் இருந்தது.

குழாய் எதற்கு என்று எங்களுக்குச் சொன்னவன் செல்வம். வேலையை எடுத்த காண்ட்ராக்ட் கம்பெனியின் சூப்பர்வைசர். வியாசர்பாடிப் பையன், முப்பது வயதிருக்கும். தினம் என் கடையில்தான் நாஸ்தா. வந்த இரண்டாம் நாளே என்னை யம்மா என்று கூப்பிட்டான். காய்ச்சலில் நான் படுத்த போது ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கொண்டு போனவன் அவன். பெற்ற பிள்ளை பாலு துறைமுகத்தில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யம்மா, இந்த பைப்புல மாசம் ஒரு தபா தண்ணி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். குப்பைல கீற விஷம் தண்ணில எறங்குதா இல்லயான்னு பாக்க" என்றான். "எறங்குச்சின்னா மேட்ட திரும்பத் தோண்டணும். பெரிய பேஜாரு."

"எறங்கலன்னா?"

"பார்க்கு தொறந்து வுட்டுட்டு நாங்க போய்கினே இருப்போம்."

ஒரு மாதம் பாட்டில் பெட்டியைக் கடையில் வைத்துவிட்டு, எண்ணூரில் வேறு வேலை இருக்கிறது, நீயே எடுத்து ரொப்பி வை, சாயந்தரம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றான்.

"எனக்கு இன்னா நைனா தெரியும்?"

"தண்ணி மொள்ளத் தெரியாத பொம்பளயா நீ?" என்று பூட்டுச் சாவியை என் கையில் வைத்தான்.

அடி அடைத்த நீளமான ஒரு குழல் கொடுத்திருந்தான். கயிறு கட்டிக் குழாய்க்குள் விட்டு இழுத்தேன். பால் ஊற்றாத டீ மாதிரி வந்தது. நாற்றம் வேறு. இதைப் போய் ஒரு ஆபீசர் கையில் எப்படிக் கொடுப்பது? தண்ணீர் என்று கேட்டு வந்தவர்களுக்கு அழுக்குத் தண்ணீர் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. பாட்டிலைப் பார்த்தால் அதன் அடியிலும் என்னவோ நாலு சொட்டு தேங்கியிருந்தது. எவனோ சரியாகக் கழுவாமல் அனுப்பிவிட்டான் என்று திட்டிக்கொண்டே சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். தண்ணீரை, என் வீட்டுக்காரருடைய பழைய வேட்டியை நாலாக மடித்து மூன்று தடவை வடிகட்டினேன். படிகாரத்தைக் கரைத்து, மத்தியானம் வரைக்கும் குடத்தில் தெளியவைத்து, மேலாக மொண்டு பாட்டிலில் ரொப்பினேன். எங்கள் வீட்டில் லாரித் தண்ணீரை அப்படித்தான் செய்வோம். நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

சாயந்தரம் செல்வம் வந்தான். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"இன்னாம்மா இது, கண்ணாடி மாரி கீது?"

"வேட்டில வடிகட்டி, படிகாரம் போட்டேன் நைனா. பாட்டிலும் ஒரே கலீஜு, நான்தான் கயுவனேன்."

அவன் கொஞ்ச நேரம் பாட்டிலையே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"உன் கை ராசியான கைம்மா. எல்லா மாசமும் இப்டியே பண்ணு."

ஒரு பேப்பரை நீட்டினான். தெருவாசி முன்னிலையில் தண்ணீர் எடுக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறதாம். நான் கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தேன். அந்தப் பாராட்டை நான் தெரு முழுக்கச் சொன்னேன். என் தங்கை குப்புவிடம் நாலு தடவை சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. கழுவி, வடிகட்டி, தெளியவைத்து, கைநாட்டு.

4

கடைக்கு எதிரில் ஒரு அடிபம்பு உண்டு. மேடு புகைந்த காலத்தில் அதற்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். சிவப்பென்றால் குடிக்கக் கூடாது. துணி துவைக்கலாம், அவ்வளவுதான். குடிக்க லாரிக்குக் காத்திருப்போம். லாரி வருகிற நாளில் தெருவில் யார் யாருக்கு அக்கா, யார் யாருக்கு அண்ணி என்பதெல்லாம் மறந்துபோகும்.

தொடர்ந்து எல்லா மாதமும் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று ரிசல்ட் வந்தது. ஒரு நாள் ஆட்கள் வந்து சிவப்பைச் சுரண்டிவிட்டு நீலம் அடித்தார்கள். நீலமென்றால் குடிக்கலாம். பார்க்கின் வாசலில் கண்ணாடி போட்ட பலகை வைத்து, மாதாமாதம் ரிசல்ட் பேப்பரை ஒட்டினார்கள். பம்பை யார் முதலில் அடிப்பது என்று கேட்டபோது செல்வம், "எங்கம்மாதான் புடிக்கணும். எல்லாம் அவுங்க ஒழைப்பு" என்றான். முதல் குடத்தை நான் பிடித்தேன். தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. முதல் டம்ளரைக் குப்புவுக்குக் கொடுத்தேன்.

"லேசா துரு வாடை வருதே யக்கா" என்றாள்.

"புது பெயிண்டு வாசனைடி. குடி. நான் கைநாட்டு வெச்ச தண்ணி."

குடித்தாள். தெருவே குடித்தது. லாரியை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வருடம் பாலு என்னை இங்கே கூப்பிட்டுக்கொண்டான். இட்லிக் கடையைக் குப்புவிடம் கொடுத்தேன். குழாய்ச் சாவியைச் செல்வத்திடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை. "உன்னாண்டயே இருக்கட்டும்மா. திரும்பி வரசொல்ல உன் வேலை உனக்குத்தான்" என்றான். ஏர்போர்ட் போகிற வழியெல்லாம் நான் அதை நினைத்து அழுதுகொண்டு வந்தேன். பெற்ற பிள்ளை கூப்பிட்டுக்கொள்கிறான் என்பதைவிட, இந்தப் பிள்ளை என் இடத்தை வைத்திருக்கிறான் என்பது பெரிதாக இருந்தது.

5

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

மலரும் நானும் பூங்காவுக்குப் போனபோது பைப்பு நைனா ஒரு குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். டியூபில் வந்த தண்ணீரை வாளி வாளியாக வீணாக்கிக்கொண்டிருந்தார். முதலில் வருகிறது குழாயில் நின்ற பழைய தண்ணீர், மண்ணுக்குள்ளிருந்து புதுத் தண்ணீர் வரும்வரை இப்படி விடவேண்டும் என்று மலர் கேட்டுச் சொன்னாள். புல்லில் காலி பாட்டில்கள் வரிசையாக இருந்தன. ஒன்றின் அடியில் அதே மாதிரி நாலு சொட்டு. பாவம், தனி ஆள், நாம் ஒரு கை கொடுப்போம் என்று மூடியைத் திறந்து, என் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துக் கழுவத் தொடங்கினேன்.

அந்த வயதில் ஒருவர் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. பாட்டிலை என் கையிலிருந்து வாங்கித் தூரப் போட்டார். என் விரல்களைப் பிடித்து நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். பிறகுதான் பேசினார், மெதுவாக.

"அது ஆசிட்டாம் அம்மா" என்றாள் மலர். "தண்ணிக்குள்ள இருக்கிற ஈயம் அது இதெல்லாம் அப்பிடியே நிக்கவேணும் எண்டு வேணுமெண்டே விட்டு அனுப்புறதாம். கழுவினால் சோதனை பிழைச்சுப் போகுமாம். கையுறை போடாமல் அவரே தொடமாட்டாராம்."

"அப்ப தண்ணி கலீஜா கீதே, அத்த வடிகட்ட மாட்டாரா?"

மலர் கேட்டாள். அவர் சிரித்தார். அழுக்கைத் தேடித்தான் அவர் வருகிறாராம். அழுக்கை எடுத்துவிட்டுக் கொடுத்தால் எதைத் தேடுவது?

எனக்கு இன்னும் புரியவில்லை. சந்தோஷமாகத்தான் சொன்னேன். "நான் எங்க ஊர்ல கயுவி, வடிகட்டி, படிகாரம் போட்டு சோக்கா குடுப்பேன்னு சொல்லு."

மலர் சொன்னாள். அவர் சிரிப்பு நின்றது. பாட்டில் கொடுத்தவருக்கு இது தெரியுமா என்று கேட்டார். தெரியும், பாராட்டினான் என்றேன். அவர் கையுறைகளைக் கழற்றினார். புல்லில் என் எதிரில் உட்கார்ந்தார். ஏதோ கேட்டார்.

"இன்னா கேக்கறாரு, சொல்லு."

"அந்தத் தண்ணிய ஆரும் குடிக்கினமோ எண்டு கேக்கிறார் அம்மா."

செல்வம் சிரிப்பதற்கு முன்னால் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றானே, அது இப்போது என் கண்ணுக்குள் வந்தது. அவன் அதை அப்போதே புரிந்துகொண்டான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பாட்டிலைக் கீழே கொட்டிவிட்டு வேறு எடுத்திருப்பேன். அவன் கணக்குப் போட்டான், பிறகும் என்னை யம்மா என்று கூப்பிட்டான்.

பார்க்கத் தெளிவாக இருக்கிறதே என்று பம்புத் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு நல்லது, தெரியாததுதான் கெட்டது என்று பைப்பு நைனா சொன்னதாக மலர் சொன்னாள். அன்று டீயை அவருக்குக் கொடுக்காமலே திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். மறந்துபோனேன்.

6

வீட்டுக்கு வந்ததும் பாலுவிடம் சொன்னேன். அவன் ஒரு தட்டு சோறு முழுக்கச் சாப்பிட்டுவிட்டுப் பேசினான்.

"உனக்கு இங்கயே தங்கறதுக்கு பேப்பர் போட்டுகீது. அதுல ஒரு கேள்வி கீது. எந்த ஆபீஸ்லயாவது பொய்யா எதுனா எயுதிக் குடுத்து கையெயுத்து போட்டியான்னு. நான் இல்லன்னு போட்டுகீறேன். கம்முனு இரு."

"நான் இன்னா பொய்யா சொன்னேன்? தெரியாம வெச்சேன்."

"தெரியாமன்னு அவன் ஒத்துப்பானா? யம்மா, நீ இங்க கீற. அவுங்க அங்க கீறாங்க. அவ்ளோதான்."

அவுங்க என்றான். சித்தி என்று சொல்லவில்லை. குப்பு மடியில் அவன் எத்தனை நாள் தூங்கியிருக்கிறான். அதை நான் சொல்லிக் காட்டவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் செல்வத்துக்கு நானே போன் போட்டேன். குரலைக் கேட்டதும், "யம்மா, எப்டிகீற? கங்காரு பாத்தியா?" என்றான். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அதெல்லாம் முடிஞ்ச கதம்மா. இப்ப எதுக்கு?"

"உனக்குத் தெரியுமா, தெரியாதா? அத்த மட்டும் சொல்லு நைனா."

"நான் இன்னாம்மா செஞ்சேன்? பாட்டில ரொப்புனது நீ. கைநாட்டு வெச்சது நீ. என் கையெயுத்து ஒரு எடத்துல கூட கெடயாது. போய்ப் பாரு." பிறகு குரலை இறக்கினான். "வெளில தெரிஞ்சா உனக்குத்தான் அசிங்கம். உன் பேரு கெட்டுப்போவக் கூடாதேன்னுதான் நான் பாக்கறேன்."

அப்போதும் யம்மா என்று சொல்லித்தான் போனை வைத்தான்.

7

குப்புவின் காலை வியாபாரம் முடிகிற நேரம் இங்கே மத்தியானம். வீடியோவில் கூப்பிட்டேன். சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். பம்புத் தண்ணீரைக் குடிக்காதே, பேரக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்காதே, இட்லி மாவுக்கும் ஊற்றாதே என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

"இன்னா யக்கா, வெளிநாட்டுத் தண்ணி குடிக்கசொல்ல நம்ம தண்ணி கலீஜா பூட்ச்சா?"

"சொல்றத கேளுடி."

"நீ கெட்ட தண்ணி எடுத்தியோ நல்ல தண்ணி எடுத்தியோ, அது அப்ப. மாசாமாசம் அவன் வந்து புது பேப்பர் ஒட்டிகினுதான் போறான். போன வாரம் கூட ஒட்டுனான். தண்ணி எடுக்காமயா ஒட்டுவான்?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கை தானாக இடுப்புக்குப் போனது. ஐந்து சாவியில் நாலு பெரியது, ஒன்று சின்னது.

"குப்பு, பைப்பு சாவி என்னாண்ட கீதுடி."

"வேற சாவி வெச்சிருப்பான்."

"போய் பூட்டப் பாத்துட்டு வா."

"இரு, இத்த எறக்கி வெச்சிட்டு வரேன்" என்றாள். போனைக் கையில் பிடித்துக்கொண்டே கடைக்குப் பின்னால் போனாள். குழாயைச் சுற்றிக் கொடி படர்ந்திருந்தது. கொடியை விலக்கினாள். பூட்டு முழுக்கத் துரு. சாவித் துவாரத்தைக் காட்டு என்றேன். காட்டினாள். குளவி மண் வைத்து அதை அடைத்து வீடு கட்டியிருந்தது. மண் காய்ந்து வெடித்திருந்தது. அந்தத் துவாரத்தில் ரொம்ப நாளாக எந்தச் சாவியும் நுழையவில்லை.

மூன்று வருடமாக யாரும் எடுக்காத தண்ணீருக்கு மாதாமாதம் நல்ல ரிசல்ட். நான் திரும்பி வந்தால் என் வேலை எனக்கு என்று அவன் சொன்னதன் அர்த்தம் இதுதான். சாவியை வாங்கிக்கொண்டால் அவன் திறக்க வேண்டியிருக்கும்.

குப்பு குனிந்தாள். கல்லை எடுத்துப் பூட்டில் நாலு போட்டாள். உடைந்தது. அந்த நீளக் குழல் எங்கே என்று கேட்டேன். "அதுலதான் கரண்டி சொருவி வெச்சிகீறேன்" என்று எடுத்துவந்தாள். கயிறு கட்டி இறக்கி இழுத்தாள். பால் ஊற்றாத டீ. மேலே எண்ணெய் மாதிரி வானவில் நிறம். முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பேட்டரி கடையாண்ட வருமே, அந்த நாத்தம் யக்கா."

பிறகு போனைத் தரையில் வைத்துவிட்டாள். எனக்கு வானம் மட்டும் தெரிந்தது, ஒரு மின்கம்பியும். அவள் செருப்புச் சத்தம் பம்பின் பக்கம் போனது. குரல் கேட்டது. "ஏய், கொடத்த கீய கொட்டு. சொல்றேன் இல்ல, கொட்டு."

8

தெரு நம்பவில்லை. குப்பு மறுபடி வீடியோவில் வந்து சொன்னாள். செல்வம் மறுநாளே வந்து, பூட்டை உடைத்தது குற்றம், வெளிநாட்டிலிருக்கிற கிழவிக்கு மூளை குழம்பிவிட்டது, பலகையைப் பாருங்கள் என்றானாம். பாதிப் பேர் பலகையைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு பம்புக்குப் போனார்கள். லாரிக்கு யாரைக் கேட்பது என்று அவர்களுக்கு வேறு பயம்.

"நீ சொன்னன்னு சொன்னா எவ கேக்கறா?" என்றாள் குப்பு. "உன் வாய நம்பி எவளும் குடிக்கல யக்கா. உன் கட்டவெரல நம்பித்தான் குடிச்சாங்க. அதே வெரல வெச்சி எயுதி அனுப்பு. பலகைல அவன் பேப்பர் மேல ஒட்றேன்."

"எயுதிட்டா எனக்கு இங்க பேப்பர் வராதுன்றான் பாலு."

அவள் குனிந்து அடுப்பை ஊதினாள். அடுப்புப் புகையில் முகம் சரியாகத் தெரியவில்லை.

"நீ தெரியாமதான் வெச்ச. எனக்குத் தெரியும். ஆனா நாலு வருசமா குடிச்சது நானு" என்றாள்.

அதனால்தான் இதை எழுத வைத்தேன். வேறு காரணம் இல்லை. மூன்று வருடம் ஆகிறது, நாலு வார்த்தை சந்தோஷமாகச் சொல்லலாம் என்றுதான் மலரைப் போன மாதம் உட்காரவைத்தேன், முதல் பக்கத்தில் வருகிற பஸ் டிரைவரும் குப்பைத் தொட்டி மூடியும் அப்போது சொன்னது. அதைக் கிழித்துப் போடட்டுமா என்று மலர் கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும், நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று செல்வமும் படிக்கட்டும் என்றேன்.

மாத்தூர் ஜனங்களே, பம்புத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். அது நல்ல தண்ணீர் என்று யாரும் சோதித்துச் சொல்லவில்லை. குழாயிலிருந்து நான் கொடுத்த தண்ணீர் எல்லாம் நான் வடிகட்டினது. நான் வந்த பிறகு ஒட்டின பேப்பருக்குத் தண்ணீரே கிடையாது. குழாய்ப் பூட்டின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. யாராவது வந்து ஒழுங்காக எடுத்து, கழுவாமல், வடிகட்டாமல் அனுப்பி, வேறு பதில் வரும்வரை லாரியைக் கேளுங்கள். கேட்கிறபோது என் பேரைச் சொல்லுங்கள், எனக்கு அசிங்கம் இல்லை.

மலர் எழுதி முடித்துப் படித்துக் காட்டினாள். கைநாட்டு வைக்க மை வேண்டும் என்றேன். இந்த நாட்டில் மைப்பெட்டி யாரிடமும் இல்லை. தபால் ஆபீசில் கேட்டால் எதற்கு என்று பயந்து பார்க்கிறார்கள். கடைசியில் பேத்தியின் பெயிண்ட் பெட்டியைக் கேட்டோம். அவள் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பாலு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தடுக்கவில்லை, பக்கத்திலும் வரவில்லை.

கைநாட்டு என்றால் மை நிறம்தானே என்று மலர் நீலத்தைத் திறந்தாள்.

"அது வோணாம் மலரு" என்றேன். "செவப்ப தொற."